கணினியின் கருவிலே ஒரு குளம்



தாயக்கட்டையை உருட்டுகின்ற கைக்கு, அடுத்து விழப்போகும் எண் எது என்று தெரியாது. அந்தத் தெரியாமையே ஆட்டத்தின் உயிர். கணினி என்னும் எந்திரமோ இட்ட கட்டளையை இட்டபடியே செய்து முடிப்பதற்கென ஆக்கப்பட்டது. ஒரே கட்டளையை ஒரே நிலையிலிருந்து ஆயிரம் முறை இயக்கினால், ஆயிரம் முறையும் ஒரே விடை வருதல் வேண்டும். ஒரு முறை பிசகினாலும் எந்திரம் பழுது என்று ஒதுக்கிவிடுவோம். அத்தகைய எந்திரத்திடம் போய், 'எவராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைச் சொல்' என்று கேட்டால் அது எங்கே போகும்? கணித நூலார் எழுமாற்று எண்கள் என்று வழங்கும் இவ்வெண்களைக் கணினி எங்கிருந்து பெற்றது, பெற்றதை எவ்வாறு சேமித்தது, சேமித்த முறையிலே நேர்ந்த மயக்கம் யாது என்பவை இன்றைய பேச்சின் பொருளாகும்.

இது வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. வங்கிக் கணக்கும், மருத்துவரின் குறிப்பும், இருவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் மடலும் இன்று மறைகுறியாக்கப்பட்டே கம்பிவழி செல்கின்றன. அந்த மறைப்பைத் திறக்கும் திறவுகோல் ஒரு நீண்ட எண். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பூட்டு எத்துணை உறுதியாயினும், திறவுகோலாகிய எண்ணைப் பகைவன் ஊகித்துவிட்டால் பூட்டினாற் பயனில்லை.

எழுமாற்று எண்களை மனிதர் தேடியது கணினிக்கு முந்திய காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1927 ஆம் ஆண்டிலே திப்பெற் என்னும் ஆங்கிலப் புள்ளிவிவர அறிஞர், குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை அச்சிட்டார். அமெரிக்காவிலே றான்ட் நிறுவனத்தார் 1947 ஆம் ஆண்டில் இலத்திரன் சூதுச்சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டனர். அதன் விளைவாகப் பத்து இலட்சம் எழுமாற்று இலக்கங்களைக் கொண்ட பெருநூல் ஒன்று 1955 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்தச் சக்கரம் தந்த எண்களிலும் சிறிது சாய்வு தென்படவே, இலக்கங்களை ஒன்றோடொன்று கூட்டி அதனை நீக்கவேண்டியிருந்தது. இயற்கையின் கையிலிருந்து வருவதால் மட்டும் ஒன்று நடுநிலையுடையதாகிவிடாது என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டனர்.

பிரித்தானிய அரசு 1957 ஆம் ஆண்டிலே தன் பரிசுப் பத்திரங்களுக்கு வெற்றி எண் தெரிவுசெய்ய ஏணி என்னும் எந்திரத்தை அமைத்தது. நியோன் வாயு நிறைந்த குழாய்களில் எழும் மின்னிரைச்சலே அதற்கு ஊற்றாயிற்று. போர்க்காலத்திலே பிளெச்லி மாளிகையின் மறைகுறி உடைக்கும் எந்திரமாகிய கொலோசஸை ஆக்கிய தொம்மி பிளவர்ஸ் இதன் ஆக்கத்திலும் பங்கு கொண்டவர்.

ஆனால் இத்தகைய குழாய்களை எல்லோரும் வைத்திருத்தல் இயலுமா? ஆகவே கணிதத்தைக்கொண்டே எண்களை ஆக்குவோம் என்று பலர் முனைந்தனர். ஒரு எண்ணை வர்க்கித்து, நடு இலக்கங்களை எடுத்து, மீண்டும் வர்க்கிக்கும் முறையை யோன் வொன் நியூமன் பயன்படுத்தினார். பயன்படுத்திக்கொண்டே, கணக்கினால் எழுமாற்று எண் செய்ய நினைப்பவர் பாவம் செய்தவராவர் என்று நகைச்சுவையாகவும் சொல்லிவைத்தார். பின்னர் லேமர் என்பவர் பெருக்கி, வகுத்து, மீதியை எடுக்கும் முறையை வகுத்தார். 1960களில் ஐ.பி.எம். எந்திரங்களிலே வழங்கிய 'றண்டு' என்னும் நிரல் அம்மரபில் வந்ததே. அது தந்த எண்களை மும்மூன்றாகச் சேர்த்து வெளியிலே புள்ளிகளாக இட்டால், அவை 15 தளங்களிலே தட்டுத் தட்டாக அடுங்கி நிற்கும்! பார்வைக்கு எழுந்தமானமாகத் தோன்றியது, உள்ளே அணிவகுத்து நின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். புள்ளிவிவர ஆய்வாளனுக்கு எண்கள் ஒழுங்கற்றவையாகத் தோன்றினாற் போதும். மறைகுறி வகுப்பவனுக்கோ அவை பகைவனுக்குத் தெரியாதவையாய் இருத்தல் வேண்டும். றான்ட் நிறுவனத்தாரின் பெருநூல் முதலாமவனுக்குப் பொக்கிஷம். இரண்டாமவன் அதனைத் திறவுகோலாகக் கொண்டால், நூலை விலைகொடுத்து வாங்கிய எவனும் அவன் பெட்டியைத் திறந்துவிடுவான். அன்றியும், ஊகிக்கத்தக்க எண்ணும் ஊகிக்கவியலாத எண்ணும் முகத்தைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தயிர் புளித்தால் நாவுக்குத் தெரியும். எண் கெட்டால் எவருக்கும் தெரியாது. பின்வரும் துன்பங்கள் யாவும் இதிலிருந்தே முளைத்தன.

1995 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே அது உலகறிய வெளிப்பட்டது. இணையத்தை உலாவுவதற்கு அப்பொழுது பெரும்பாலார் பயன்படுத்திய நிரல் நெற்ஸ்கேப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான இயன் கோல்ட்பேர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவர் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்தனர். அதன் திறவுகோல் 128 பிட் நீளமுடையது; அத்தனை வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க உலகத்துக் கணினிகள் யாவும் கூடினாலும் ஆகாது. ஆனால் அந்தத் திறவுகோலுக்கு வித்தாக அமைந்தவை மூன்றே: அப்போதைய நேரம், இயங்கும் நிரலுக்குக் கணினி இட்ட வரிசை எண், அந்நிரலைத் தொடக்கிய தாய் நிரலின் வரிசை எண். அதே கணினியிலே கணக்கு வைத்திருப்பவனுக்குப் பின்னிரண்டும் தெரியும். நேரத்தின் நுண்பகுதியை மட்டும் ஊகித்தாற் போதும். ஒரு நிமிடத்துக்குள் திறவுகோல் அவர்கள் கையில் இருந்தது.

நெற்ஸ்கேப் நிரலை எழுதியவர்கள் அறிவிலிகள் அல்லர். ஒரு சாதாரண நிரலின் கண்ணுக்கு எட்டும் நிகழ்ச்சிகள் அவ்வளவே. வெளியுலகத்தின் எழுந்தமானத்தை நேரே காணவல்லது கணினிக்குள் ஒன்றே ஒன்று: இயக்க முறைமையின் உள்மையமாகிய 'கேர்னல்' என்னும் பகுதி. நாம் அதனைக் கரு என்போம். விசைப்பலகையிலே விரல் பட்டாலும், சுட்டி அசைந்தாலும், வன்தட்டு ஒரு செய்தியைத் தேடி எடுத்து வந்தாலும், முதலில் அறிவிக்கப்படுவது கருவுக்கே. அந்த அறிவிப்பு எந்தக் கணத்தில் வந்தது என்பதை நொடியின் மிக நுண்ணிய கூறுவரை அளந்தால், கடைசி இலக்கங்களை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதனை உணர்ந்து செயலாற்றியவர் தியடோர் சோ என்னும் அமெரிக்கர். 1994 ஆம் ஆண்டிலே, அதாவது நெற்ஸ்கேப் அம்பலப்பட்டதற்கு முந்திய ஆண்டிலே, லினக்ஸ் கருவுக்குள் எழுமாற்று எண் ஊற்றொன்றை அவர் அமைத்தார். கருவுக்குள்ளேயே இத்தகைய ஊற்று அமைந்தது அதுவே முதன்முறை. அமெரிக்க அரசு அக்காலத்தில் மறைகுறி முறைகளைப் படைக்கலம்போற் கருதி, நாட்டுக்கு வெளியே அனுப்புவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே சோ மறைகுறியாக்கும் கணிதத்தைத் தொடாது, அக்கட்டுக்குள் அகப்படாத 'ஹாஷ்' என்னும் அரைக்கும் கணிதத்தையே பயன்படுத்தினார். அம்மியில் அரைத்த துவையலிலிருந்து தேங்காய்ச் சொட்டை மீட்க முடியாததுபோல, ஹாஷ் அரைத்துத் தந்த விடையிலிருந்து உள்ளே இட்டதை மீட்க முடியாது.

அவருடைய அமைப்பை ஒரு குளம் என்றே அவர்கள் அழைத்தனர். நிகழ்ச்சி ஒவ்வொன்றின் நேரமும் துளித்துளியாக வந்து குளத்திற் கலக்கும். ஒவ்வொரு துளியிலும் ஊகிக்கவியலாமை எவ்வளவு என்று கரு மதிப்பிட்டுக் கணக்கு எழுதும். நிகழ்ச்சிகளுக்கிடையே உள்ள கால இடைவெளி, அவ்விடைவெளிகளின் வேறுபாடு, அவ்வேறுபாடுகளின் வேறுபாடு என்று மூன்று படிகளிலே பார்த்து, ஒழுங்காக வரும் நிகழ்ச்சிக்குக் குறைத்தும் ஒழுங்கற்றதற்குக் கூட்டியும் மதிப்பிடுவது முறை. குளத்துக்குத் துருசு இரண்டு. 'றண்டம்' என்னும் முதல் துருசு கணக்கைப் பார்த்தே நீர் விடும். கணக்கிலே நீர் வற்றினால் கேட்டவன் காத்திருக்க வேண்டியதுதான். 'யூ-றண்டம்' என்னும் இரண்டாவது துருசு எவரையும் காக்கவைக்காது; உள்ளதை அரைத்து அரைத்துக் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.

வன்னிப் பெருநிலத்துக் கமக்காரனுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். விளங்கியது என்பதே குற்றமாயிற்று! குளத்து நீர் இறைக்க இறைக்கக் குறையும். ஆதலால் எழுமாற்றும் எடுக்க எடுக்கக் குறையும் என்று எல்லோரும் நம்பினர். உண்மை அவ்வாறன்று. பகைவனுக்குத் தெரியாத 256 பிட்கள் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், நல்ல மறைகுறிக் கணிதம் அதிலிருந்து எத்தனை கோடி எண்களையும் விரித்துத் தரும்; வெளியே வந்த எண்களைக் கொண்டு உள்ளிருக்கும் வித்தைக் காண எவராலும் ஆகாது. குளத்தைவிட உறைமோரே இதற்கு ஏற்ற உவமை. ஒரு கரண்டி உறைமோர் இருந்தால் ஊருக்கெல்லாம் தயிர் தோய்க்கலாம். உறைமோர் இல்லாவிட்டாலோ, எத்தனை பானை பாலிருந்தும் பயனில்லை. ஆகவே முதற் கரண்டி வரும்வரை காத்திருத்தல் இன்றியமையாதது. அதன்பின் காத்திருத்தல் வீண்.

லினக்ஸின் ஏற்பாடு இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்தது. முதல் துருசு, வித்து நிறைந்த பின்னும் வீணே காக்கவைத்தது. இரண்டாவது துருசு, வித்தே இல்லாத பொழுதும் வாரி வழங்கியது. சோவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தாம் பயன்படுத்தும் ஹாஷ் கணிதத்தை என்றோ ஒருநாள் யாரேனும் உடைத்துவிட்டால், குளத்திலிருந்ததற்கு மேல் ஒரு துளியும் வெளிவிடாத துருசாவது பிழைக்கும் என்று அவர் அஞ்சினார். அந்நாளில் எம்.டி.5 என்னும் முறை பெருவழக்கிலிருந்தது. 2004 ஆம் ஆண்டிலே சீன அறிஞர்கள் அதன் ஒரு பண்பை முறியடித்தும் காட்டினர். எனவே அவரது அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அவர் காவல் வைத்தது ஒரு வாசலில்; கள்வன் புகுந்தது மறு வாசலில்.

கள்வன் புகக்கூடிய அந்த வாசலை உலகறியக் காட்டிய ஆண்டு 2012. அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றையும் இடையிலே சொல்லிவிடுகிறேன். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைப் பேணுவோர், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறி நூலகத்திலே சோதனைக் கருவி ஒன்று குறை கூறிய வரிகளை 2006 ஆம் ஆண்டில் நீக்கினர். கரு தந்த எழுமாற்று முழுவதையும் உள்ளே சேர்க்கும் வரியும் அதனுடன் போயிற்று. எஞ்சியது நிரலின் வரிசை எண் மட்டுமே. அதற்குரிய வாய்ப்புகள் 32,768 ஐ விஞ்சா. 2008 ஆம் ஆண்டு மே மாதம் அது கண்டுபிடிக்கப்படும்வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், உலகெங்கும் பிறந்த திறவுகோல்கள் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியவை. அவ்வளவு காலமும் எந்த நிரலும் நின்றுபோகவில்லை, எவரும் முறையிடவில்லை. இது கருவின் பிழையன்று. ஆனாலும் எண் கெட்டால் எவருக்கும் தெரியாது என்று முன்னே சொன்னதற்கு இதனிலும் தெளிவான சான்று இல்லை.

இனி 2012. அமெரிக்காவிலே நாடியா ஹெனிங்கரும் அவர்தம் உடனாய்வாளரும் இணையம் முழுவதையும் வலைவீசி, அங்குள்ள கணினிகளின் பொதுத் திறவுகோல்களைத் திரட்டினர். அர்ஜென் லென்ஸ்ராவும் பிறரும் தனியே இதே வகை ஆய்வை அவ்வாண்டிலேயே செய்தனர். ஆர்.எஸ்.ஏ. என்னும் முறையிலே, பொதுத் திறவுகோல் என்பது இரு பெரும் முதன்மை எண்களின் பெருக்கம். பெருக்கத்தை ஊரறியச் சொல்லலாம். காரணிகள் இரண்டும் இரகசியம். பெருக்கத்திலிருந்து காரணிகளைக் காண்பது அரிதினும் அரிது. ஆனால் இரு வேறு கணினிகளின் பெருக்கங்களிலே ஒரு காரணி பொதுவாய் அமைந்துவிட்டால், நம் பள்ளிச் சிறுவர் பயிலும் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் முறையே போதும். யூக்கிளிட் சொல்லிவைத்தபடி சில கணங்களில் இரண்டு பூட்டும் திறந்துவிடும்.

நேர்மையான எழுமாற்று இருப்பின், இரு கணினிகள் ஒரே முதன்மை எண்ணைத் தெரிவது உலகம் அழியும்வரை நிகழாது. ஹெனிங்கர் குழுவினர் கண்டதோ வேறு. தாம் ஆராய்ந்த 1 கோடி 28 இலட்சம் பாதுகாப்பான இணையத்தளக் கணினிகளிலே, நூற்றுக்கு 0.50 வீதத்தின், அதாவது 64 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் இரகசியத் திறவுகோலை அவர்கள் இருந்த இடத்திலிருந்தே கணித்துவிட்டனர்.

அவை எத்தகைய கணினிகள் என்று பார்த்தால், பெரும்பாலானவை வழிப்படுத்திகள், காவற்சுவர்க் கருவிகள் போன்ற சிறு பெட்டிகள். அவற்றுக்கு விசைப்பலகை இல்லை, சுட்டி இல்லை, சுழலும் வன்தட்டும் இல்லை. தொழிற்சாலையிலே ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, வாங்கியவர் முதன்முறை மின்னிணைப்புக் கொடுத்த உடனேயே தம் திறவுகோலை ஆக்கிக்கொண்டன. மாரிக்கு முந்திய குளம்போல் உள்ளே வெறும் தரை. இரண்டாவது துருசு அப்போதும் மறுப்புச் சொல்லாமல் எண்களை விட்டது. ஒரே நிலையிலிருந்து புறப்பட்ட இரு பெட்டிகள் ஒரே முதலாவது முதன்மை எண்ணை அடைந்தன. இரண்டாவதைத் தேடும்பொழுது கடிகாரம் ஒன்றில் முன்னும் மற்றதிற் பின்னுமாக நகர்ந்ததால் அங்கே பிரிந்தன. ஒரு காரணி பொது, மற்றது வேறு. யூக்கிளிட்டுக்கு இதனினும் வாய்ப்பான இரை ஏது?

அவ்வாண்டிலேயே லினக்ஸ் கருவைத் திருத்தினர். எல்லாக் குறுக்கீடுகளின் நேரமும் குளத்திற் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்த அடையாள எண்களும் கலக்கப்பட்டன. அடையாள எண் இரகசியமன்று. எனினும் இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்தறிய அது உதவும். 2014 ஆம் ஆண்டிலே 'கெற்றண்டம்' என்னும் புதிய வழி திறக்கப்பட்டது. முதற் கரண்டி உறைமோர் வரும்வரை அது காத்திருக்கும். வந்தபின் ஒருபோதும் காக்கவைக்காது. பிரீ பி.எஸ்.டி. என்னும் மற்றோர் இயக்க முறைமை இந்த நெறியைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கைக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

துளியின் அளவை மதிப்பிடுவதே வேண்டாம் என்ற துணிபும் உண்டு. நீல்ஸ் பேர்கசன், புரூஸ் ஷ்னையர் ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'போர்ச்சுனா' என்னும் அமைப்பிலே குளத்துக்குப் பதிலாக 32 குடங்கள். வரும் துளிகள் குடங்களுக்கு முறைவைத்துப் பகிரப்படும். வித்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முதற் குடம் கவிழ்க்கப்படும். இரண்டாவது இரண்டுக்கொரு முறை. மூன்றாவது நான்குக்கொரு முறை. இவ்வாறு இரட்டித்துச் செல்லும். பகைவன் பெரும்பாலான துளிகளை அறிந்தவனாயினும், நெடுநேரம் கவிழாத ஏதோ ஒரு குடத்திலே அவன் அறியாதது போதிய அளவு சேர்ந்துவிடும். எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணாமலே நலம் விளையும் இந்த உபாயத்தை அழகிது என்றே நான் கருதுகிறேன்.

2013 ஆம் ஆண்டில் வேறொரு ஐயம் தலைதூக்கியது. எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களை அடுத்து, அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2006 ஆம் ஆண்டிலே அங்கீகரித்த எழுமாற்று முறைகளுள் ஒன்றில், உளவுத்துறை தனக்கென ஒரு பின்கதவு வைத்திருந்தது என்ற ஐயம் வலுத்தது. 2014 இல் அம்முறை கைவிடப்பட்டது. இன்ரெல் நிறுவனத்தின் சில்லுக்குள்ளேயே அமைந்த எழுமாற்று ஊற்றையும் கருவிலிருந்து நீக்கவேண்டும் என்று சிலர் மனுக் கொடுத்தனர். லினஸ் டோர்வால்ட்ஸ் மறுத்தார். பல ஊற்றுகளோடு அதனையும் ஒன்றாகக் கலக்கிறோம். அது கெட்டதாயினும் மற்றவற்றைக் கெடுக்காது என்பது அவர் சொன்ன நியாயம். சில்லை ஒரேயடியாக நம்புவதும் ஒரேயடியாகத் தள்ளுவதும் எளிது. ஐயத்தோடு சேர்த்துக்கொள்வதற்கே பக்குவம் வேண்டும்.

காத்திருத்தலின் விலை 2019 ஆம் ஆண்டிலே தெரியவந்தது. கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பகுதியிலே ஒருவர் நல்ல திருத்தம் ஒன்று செய்தார். கணினி தொடங்கும்பொழுது வன்தட்டை நாடும் முறைகள் குறைந்தன. வேகம் கூடியது. ஆனால் தட்டு அசையாததால் துளி விழவில்லை. துளி விழாததால் வித்து நிறையவில்லை. வித்துக்காகத் தொடக்க நிரல் காத்திருந்தது. அது காத்திருந்ததால் வேறெதுவும் அசையவில்லை. சில கணினிகள் தொடங்காமலே உறைந்து நின்றன. டோர்வால்ட்ஸ் அந்த நல்ல திருத்தத்தைத் தற்காலிகமாக விலக்கவேண்டியதாயிற்று. பின்னர் அவரே வேறு வழி செய்தார். வித்தில்லாமல் எவரேனும் காத்திருக்க நேர்ந்தால், கரு தன் சில்லின் மிக நுண்ணிய கடிகாரத்தைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் நிகழும் தடுமாற்றங்களை ஏறத்தாழ ஒரு நொடியில் திரட்டிக்கொள்ளும். அத்தடுமாற்றம் மெய்யாகவே ஊகிக்கவியலாததா என்று வினவுவோர் உண்டு. வெறும் தரையைவிட அது மேல் என்பது அவர் விடை.

2020 ஆம் ஆண்டிலே முதல் துருசின் நீர்க்கணக்கு அகற்றப்பட்டது. வித்து ஒருமுறை நிறைந்தபின் அதுவும் காக்கவைப்பதில்லை. குளம் என்னும் உவமை இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேலாக ஆண்டு, பதவி விலகியது. 2022 ஆம் ஆண்டில் ஜேசன் டொனன்பெல்ட் என்பவர் அப்பகுதி முழுவதையும் புதுக்கி எழுதி, பழைய அரைக்கும் கணிதத்தை நீக்கிப் புதியதொன்றை இட்டார். இரண்டு துருசுகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும், வித்தில்லாதபொழுது எவருக்கும் எதுவும் கொடுக்கலாகாது என்றும் முயன்றார். ஆனால் நுண்கடிகாரமே இல்லாத பழைய எந்திர வகைகள் சில உள்ளன. வன்தட்டின் ஆரவாரமும் விரலின் தீண்டுதலும் இல்லாத இடத்திலே அவை எங்கிருந்து துளி பெறும்? சோதனையின்போது அவை தொடங்காமலே நின்றுவிட்டன. ஆகவே அந்த ஒருமைப்பாட்டை அவ்வாண்டிலேயே மீளப்பெற்றனர். அத்தகைய எந்திரத்திலே இரண்டாவது துருசைத் திறப்போருக்குக் கரு பழையபடியே எண்களைக் கொடுக்கும். கொடுத்துவிட்டு, ஆயத்தமாகுமுன் எடுக்கப்பட்டது என்று தன் பதிவேட்டிலே ஒரு வரி எழுதிவைக்கும்.